அழுத்தாத விரலில் ஹம்சத்வனி: வீணையில் ஹார்மோனிக் வாசிக்க முழுமையான வழிகாட்டி

மயிலாப்பூர் சித்திரக்குளத்தை ஒட்டிய ஒரு மாடி அறையில் எனக்கு ஜண்டை வரிசை பாடம் நடந்துகொண்டிருந்தது. பதினோரு வயது. விரல் நுனி எரிந்துகொண்டிருந்ததால் மேல் ஷட்ஜத்தில் தந்தியைச் சரியாக அழுத்தவில்லை. விரல் சும்மா தந்தியின் மேல் பட்டது. வலக்கை வழக்கம்போல் மீட்டிவிட்டது. வந்தது நான் அதுவரை கேட்ட வீணை ஓசையே இல்லை. தூரத்துக் கோயிலில் யாரோ சின்ன மணியை ஒருமுறை தட்டியதுபோல் இருந்தது. ஸ்வரம் அதே மேல் ஷட்ஜம்தான், குரல் மட்டும் வேறு.

திட்டு விழும் என்று நிமிர்ந்து பார்த்தேன். டீச்சர் சிரித்தார். “தப்பு இல்லடி. அது சுயம்பு. தானா பொறக்கறது. ஆனா இப்போ பாடத்துக்கு வா.”

பாடத்துக்கு வந்துவிட்டேன். அந்த மணியோசையைத் தேடி மறுபடி போக எனக்குப் பல வருடங்கள் ஆயின. சென்னையில் வீணை கற்கும் பெரும்பாலோருக்கு இதை யாரும் முறையாகச் சொல்லித் தருவதில்லை. கிட்டார் வகுப்பில் ‘ஹார்மோனிக்’ என்று தனிப் பாடமே உண்டு. வீணையிலோ, சுருதி சேர்க்கும்போது தெரிந்தவர்கள் ஓரிரு இடத்தில் தொட்டுப் பார்ப்பதோடு முடிந்துவிடுகிறது. வீணையைப் போல ஹார்மோனிக்குக்கு வாகான வாத்தியம் குறைவு என்பது என் உறுதியான எண்ணம். அதற்கான காரணங்களை வழியில் சொல்கிறேன். கடைசியில் நீங்கள் ஒரு முழு ராகத்தின் ஆரோகண அவரோகணத்தை ஒரு மெட்டைக்கூட அழுத்தாமல் வாசிப்பீர்கள்.

சரளி வரிசை, ஜண்டை வரிசை முடித்தவர்களுக்கு இது போதும். கிட்டார் மட்டும் இருப்பவர்களும் கூடவே வரலாம். அவர்களுக்கென்று நடுவில் ஒரு பகுதி உண்டு.

## தந்திக்குள் என்ன நடக்கிறது

கரும்பை நினைத்துக்கொள்ளுங்கள். கணுவுக்குக் கணு ஒரே அளவாக வளர்ந்த கரும்பு. மீட்டிய தந்தி ஒரே ஒரு வளைவாக மட்டும் ஆடுவதில்லை. முழு நீளமாக ஆடும்போதே இரண்டு பாதியாக, மூன்று பங்காக, நான்கு பங்காக, இன்னும் பல பங்குகளாகவும் ஆடுகிறது. எல்லாம் ஒரே சமயத்தில். ஒவ்வொரு பிரிவிலும் பங்கும் பங்கும் சேரும் இடம் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். பள்ளி இயற்பியலில் இதைக் கணு என்றுதான் படித்திருப்போம்.

விரலால் ஒரு கணுவை மெல்லத் தொட்டால், அந்த இடத்தில் ஆட வேண்டிய அசைவுகள் எல்லாம் அடங்கிவிடும். அந்த இடத்தில் கணு உள்ளவை மட்டும் தப்பிப் பிழைத்து ஒலிக்கும். ஹார்மோனிக் என்பது இதுதான். புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே தந்திக்குள் இருக்கும் கூட்டத்தில் சிலரை உட்காரச் சொல்லி ஒருவரைப் பேச விடுகிறோம்.

உங்கள் வீணை ஏறக்குறைய மூன்று கட்டையில் இருந்து, முதல் தந்தியாகிய சாரணி வினாடிக்கு 165 முறை அதிர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் தொட்டால் 330. மூன்றில் ஒரு பங்கில் தொட்டால் 495. நான்கில் ஒன்றில் 660. ஐந்தில் ஒன்றில் 825. ஸ்வரத்தில் சொன்னால் மேல் ஷட்ஜம், அதற்கு மேல் பஞ்சமம், அதற்கும் மேல் ஷட்ஜம், பிறகு அந்தர காந்தாரம். தம்பூராவின் மந்தர ஷட்ஜத்தை மீட்டிவிட்டுக் காதைக் கொடுத்தால் உள்ளே காந்தாரம் கேட்கிறது என்று பாட்டு டீச்சர்கள் சொல்வது இதே காந்தாரத்தைத்தான். சுயம்பு ஸ்வரம் என்று நம் சங்கீத நூல்கள் இதற்குப் பெயர் வைத்தன. அழகான பெயர். இந்தக் கட்டுரையில் வசதிக்காக ஹார்மோனிக் என்றே எழுதுகிறேன், வகுப்பில் பிள்ளைகள் அப்படித்தான் கேட்கிறார்கள்.

## தொடங்கும் முன்

முதலில் தந்தியைப் பாருங்கள். மயிலாப்பூரிலும் அடையாறிலும் கடற்காற்று எஃகுத் தந்தியைச் சும்மா விடாது. துருப் பிடித்த தந்தி அழுத்தி வாசித்தால் ஓரளவு சமாளித்துவிடும், ஹார்மோனிக்கில் சமாளிக்காது. துரு ஏறிய இடத்தில் தந்தியின் கனம் மாறுகிறது, கனம் மாறினால் கணுக்கள் சரியான பங்கில் விழாது. சாரணி எப்போது மாற்றியது என்றே நினைவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். தினமும் வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைப்பது நல்ல பழக்கம்.

அடுத்து, விரலில் எண்ணெய் வேண்டாம். இழுத்து வாசிக்க எண்ணெய் தொட்டுக்கொள்வது நம் வழக்கம். இங்கே அது வழுக்கும், தந்தியிலும் படியும்.

மூன்றாவது, அமைதி. இதைப் பெரிய விஷயமாகவே சொல்கிறேன். ஹார்மோனிக் சின்ன ஓசை. மின்விசிறியின் இரைச்சலே அதை விழுங்கிவிடும். லஸ் முனையில் பேருந்துகள் வரிசை கட்டும் முன், பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடும் முன், விடிகாலையில் விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். வீணை தனம்மாள் (1867–1938) ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தபோது வந்தவர்கள் மூச்சடக்கி உட்கார்ந்திருந்ததாகப் படித்திருப்பீர்கள். அவ்வளவு மென்மையான வாசிப்பு. இந்தப் பாடத்துக்கு வேண்டியது அந்த மாதிரி ஓர் அறை. காண்டாக்ட் மைக் வைத்துப் பழகாதீர்கள். முதலில் காது பழக வேண்டும்.

கடைசியாக ஒரு தையல் டேப். மேருவிலிருந்து, அதாவது பிரடைப் பக்கம் தந்தி ஏறி வரும் முனையிலிருந்து, குதிரை வரை சாரணியின் நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கணக்குக்கு வசதியாக நான் 84 செ.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். உங்களுடையது கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம், பங்குகள் மாறாது.

## முதல் படி: பன்னிரண்டாம் மெட்டு

சாரணியில், மேல் ஷட்ஜ மெட்டுக்கு நேர் மேலே, 42 செ.மீ. தூரத்தில் இடக்கை விரலை வையுங்கள். எந்த விரல்? சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் உங்களுக்கு இந்நேரம் தந்தி பதிந்த காய்ப்பு வந்திருக்கும். காய்த்த தோலுக்கு மென்மை தெரியாது. மோதிர விரலின் சதைப் பகுதியைப் பயன்படுத்துங்கள். எனக்குச் சுண்டுவிரலும் நன்றாக வருகிறது.

தந்தியை அழுத்தக் கூடாது, வளைக்கவும் கூடாது. தூங்கும் குழந்தையின் கன்னத்தில் காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்போமே, அந்த அளவு போதும். வலக்கையால் ஒரே மீட்டு. மீட்டிய உடனே இடக்கை விரலை எடுத்துவிடுங்கள்.

வந்ததா? ‘டொக்’ என்று கட்டை ஓசை வந்தால் விரல் அதிக நேரம் இருந்துவிட்டது, அல்லது அதிகம் அழுந்திவிட்டது. திறந்த தந்தியின் கீழ் ஷட்ஜமும் சேர்ந்து கேட்டால் விரல் சரியாகப் படவில்லை, அல்லது மீட்டும் முன்பே எடுத்துவிட்டீர்கள். ஓசை வருகிறது ஆனால் மங்கல் என்றால் இடம் தவறு. விரலை அரை நூல் இப்படி, அரை நூல் அப்படி நகர்த்தித் தேடுங்கள்.

இடம் பற்றி வீணைக்கே உரிய ஒரு நுணுக்கம் உண்டு. மெட்டு இருக்கும் இடமும் கணு இருக்கும் இடமும் நூலளவு விலகியிருக்கும். நாம் தந்தியை அழுத்தும்போது அது கீழே இறங்கி இறுகுகிறது, இறுகினால் ஸ்வரம் சற்று ஏறும். அந்த ஏற்றத்தைச் சரிக்கட்டத்தான் மேளம் கட்டுபவர் மெட்டை மேரு பக்கம் கொஞ்சம் தள்ளி மெழுகில் பதிக்கிறார். ஹார்மோனிக்கில் அழுத்தமே இல்லாததால் கணு உண்மையான பாதியில்தான் இருக்கும். ஆகவே மெட்டுக்கு நேர் மேலே தொடங்கி, குதிரைப் பக்கமாக ஒரு நூல் தேடுங்கள். கிடைத்துவிடும்.

ஒரு வாரம் இது மட்டும். சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்று வாசிக்கும் நான்கு தந்தியிலும், தினமும் பத்து நிமிடம். இடக்கை எடுப்பதும் வலக்கை மீட்டுவதும் ஒரே மூச்சாக ஆகும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். இதில் அவசரப்பட்டவர்களுக்குப் பின்னால் காந்தாரம் வருவதே இல்லை.

## இரண்டாம் படி: ஏழு, ஐந்து, ஒன்பது, நான்கு

பஞ்சம மெட்டு, அதாவது ஏழாவது. 28 செ.மீ. தந்தியின் மூன்றில் ஒரு பங்கு. திறந்த தந்தியின் மேல் ஸ்தாயிப் பஞ்சமம் வரும். பன்னிரண்டாம் மெட்டில் விரல் பழகியிருந்தால் இது முதல் முயற்சியிலேயே வந்துவிடும்.

சுத்த மத்தியம மெட்டு, ஐந்தாவது. 21 செ.மீ. நான்கில் ஒரு பங்கு. இரண்டு ஸ்தாயி மேலே ஷட்ஜம். இங்கே வலக்கையைக் குதிரைப் பக்கம் இன்னும் நெருக்கி மீட்டுங்கள், பளிச்சென்று வரும்.

காந்தாரம்தான் கடினம், அதுதான் பரிசும். ஐந்தில் ஒரு பங்கு 16.8 செ.மீ., அந்தர காந்தார மெட்டின் அருகே. அதே காந்தாரம் ஐந்தில் இரண்டு பங்கிலும், 33.6 செ.மீ. தூரத்தில், சதுஸ்ருதி தைவதமாகிய ஒன்பதாம் மெட்டின் அருகிலும் கிடைக்கும். புதியவர்களுக்கு நான் ஒன்பதாம் மெட்டையே சொல்லித் தருகிறேன், கை மேருப் பக்கம் ஓட வேண்டாம். மந்தரத் தந்தியில் முயன்று பாருங்கள். சாரணியில் இந்தக் காந்தாரம் மிக உயரத்தில் கீச்சென்று ஒலிக்கும். மந்தரத்தில் வாய்விட்டுப் பாடும்.

மெட்டின் பெயரும் வரும் ஸ்வரமும் வேறு வேறாக இருப்பது முதலில் குழப்பும். மத்தியம மெட்டில் தொட்டால் ஷட்ஜம், தைவத மெட்டில் தொட்டால் காந்தாரம். சில நாளில் பழகிவிடும்.

## வீணையின் குதிரை செய்யும் அதிசயம்

கிட்டாரும் வீணையும் ஒரே வீட்டில் இருக்கும் அதிர்ஷ்டம் உங்களுக்கு இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யாமல் விடாதீர்கள்.

கிட்டாரில் ஒரு தந்தியை அதன் சரிபாதியில், பன்னிரண்டாம் மெட்டுக்கு நேரே, கட்டைவிரலால் மீட்டுங்கள். உடனே அதே புள்ளியை விரலால் மெல்லத் தொடுங்கள். ஓசை ஏறக்குறைய அணைந்துவிடும். காரணம் எளிது. நடுவில் மீட்டினால், நடுவில் கணு உள்ள எந்த அசைவும் கிளம்பாது. மற்றவை மட்டும் கிளம்பும். நடுவில் தொட்டதும் அந்த மற்றவை எல்லாம் அடங்கும். மிச்சம் எதுவும் இல்லை.

இப்போது அதையே வீணையில் செய்யுங்கள். பாதியில் மீட்டி, பாதியில் தொடுங்கள். மேல் ஷட்ஜம் பாடும்.

இதை அறிவியலில் முறையாகப் பதிவு செய்தவர் மெரினா கரையிலிருக்கும் மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன். அங்கே 1904-ல் பி.ஏ.வும் 1907-ல் எம்.ஏ.வும் முடித்தார். அவர் மனைவி லோகசுந்தரி வீணை வாசிப்பவர். நிதித்துறை வேலையில் இருந்துகொண்டே 1909-ல் அதிரும் தந்தியின் கணுக்களில் நிகழும் சின்ன அசைவைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் எழுதினார். கணு என்பது முழுக்க அசைவற்ற புள்ளி அல்ல, நுண்ணிய அசைவு அங்கும் உண்டு. விரல் ஏன் அவ்வளவு மெல்லப் பட வேண்டும் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கட்டுரை நினைவுக்கு வரும். பிறகு 1921-ல் இந்தியத் தந்தி வாத்தியங்களைப் பற்றிய ஆய்வில் வீணையையும் தம்பூராவையும் எடுத்துக்கொண்டார். மீட்டும் இடத்தில் கணு உள்ள மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் இருவர் பெயரிலும் வழங்கிய விதி. வீணையும் தம்பூராவும் அந்த விதிக்குக் கட்டுப்படவில்லை என்று காட்டினார்.

எல்லாம் குதிரையின் வேலை. கிட்டாரில் தந்தி ஒரு மெல்லிய விளிம்பில் உட்கார்ந்து அங்கேயே முடிந்துவிடுகிறது. வீணைக் குதிரையின் மேல் இருக்கும் உலோகத் தகடு லேசாக வளைந்தது. தந்தி அதன்மேல் படிந்து, ஒவ்வோர் ஆட்டத்திலும் கொஞ்சம் சுற்றிக்கொண்டு, கொஞ்சம் விலகி விளையாடுகிறது. தந்தியின் முனை ஒரே புள்ளியில் நிற்காததால் ஓர் அசைவின் பலம் மற்ற அசைவுகளுக்கும் போய்ச் சேர்கிறது. அந்தத் தகட்டை அரத்தால் ராவி வளைவு கொடுத்த தச்சர்களிடம் சூத்திரம் எதுவும் இல்லை, காது இருந்தது.

நமக்கு இதில் உள்ள லாபம் என்ன? கிட்டாரில் ஹார்மோனிக் வாசிப்பவர் எங்கே மீட்டுகிறோம் என்று கவலைப்பட வேண்டும். தவறான இடத்தில் மீட்டினால் வேண்டிய ஸ்வரம் கிளம்பாது. வீணையில் அந்தக் கவலை பாதி குறைவு. குதிரைப் பக்கம் மீட்டினால் ஓசை பளபளக்கும், தள்ளி மீட்டினால் பூசினாற்போல் இருக்கும், ஆனால் ஸ்வரம் காணாமல் போகாது.

## மூன்றாம் படி: சுருதி சேர்க்க

ஹார்மோனிக்கின் அன்றாடப் பயன் இதுதான். ராகமெல்லாம் பிறகு.

அழுத்திப் பிடித்துச் சுருதி பார்க்கும்போது இடக்கை மெட்டில் மாட்டிக்கொள்கிறது. பிரடையைத் திருப்ப விரலை எடுத்தால் ஓசை நின்றுவிடும். ஹார்மோனிக் விரலை எடுத்த பிறகும் ஒலித்துக்கொண்டே இருக்கும். இடக்கை பிரடைக்குப் போகலாம், வலக்கை குதிரைப் பக்கமுள்ள லங்கருக்குப் போகலாம், காது இரண்டு ஓசையையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

முதலில் மந்தரத் தந்தியைச் சுருதிப் பெட்டியோடு சேருங்கள். அதிலிருந்தே மற்றவற்றைப் பிடிக்கப் போகிறோம். மந்தரத்தில் பன்னிரண்டாம் மெட்டு ஹார்மோனிக்கும் திறந்த சாரணியும் ஒன்று. மந்தரத்தில் ஏழாம் மெட்டு ஹார்மோனிக்கும் பக்க பஞ்சமமும் ஒன்று. மந்தரத்தில் ஐந்தாம் மெட்டு ஹார்மோனிக்கும் ஹெச்சு சாரணியும் ஒன்று. பக்க சாரணியைத் திறந்த சாரணியோடு நேராகவே சேர்த்துவிடலாம். பஞ்சமத் தந்தியின் பன்னிரண்டாம் மெட்டு ஹார்மோனிக் இப்போது சேர்ந்துவிட்ட பக்க பஞ்சமத்தோடு பொருந்த வேண்டும். அனுமந்தரத்தின் பன்னிரண்டாம் மெட்டு ஹார்மோனிக் திறந்த பஞ்சமத் தந்தியோடு பொருந்த வேண்டும். வாசிக்கும் தந்தி நான்கும் தாளத் தந்தி மூன்றுமாக ஏழு தந்தியும் முடிந்தது.

இரண்டு ஓசையும் கிட்டத்தட்ட ஒன்றாகி இன்னும் முழுதாகச் சேராதபோது அலையலையாக ஏறி இறங்கும் ஓர் அசைவு கேட்கும். அலை வேகமாக இருந்தால் தூரம் அதிகம். பிரடையால் கிட்டே கொண்டுவந்துவிட்டு, லங்கரை நகர்த்தி அலையை மெதுவாக்குங்கள். மெதுவாகி, நீண்டு, ஒரு கணத்தில் தண்ணீர் அசையாமல் நிற்பதுபோல் நிற்கும். அந்த நிலையைக் காது ஒருமுறை கேட்டுவிட்டால் கைப்பேசிச் செயலியின் பச்சை விளக்கை நம்ப மனம் வராது.

மேளத்தையும் இப்படியே சோதிக்கலாம். மந்தரத்தில் ஒன்பதாம் மெட்டருகே காந்தார ஹார்மோனிக்கை எழுப்பிவிட்டு, சாரணியில் பதினாறாம் மெட்டை அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே தார காந்தாரம். ஒத்துப்போகவில்லை என்றால் அந்த மெட்டு நகர்ந்திருக்கிறது. தேன்மெழுகும் கரியும் கலந்த மேளம் சென்னையின் மே மாத வெயிலில் இளகுவதும் மெட்டு அழுந்துவதும் சகஜம். மேளம் கட்டுபவர் வரும் நாளில் எந்த மெட்டு விலகியிருக்கிறது என்று நீங்களே சொல்ல முடிந்தால் அவருக்கும் வேலை சுலபம்.

## கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு

தி.நகர்ப் பக்கம் கிட்டார் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் வீட்டில் அம்மாவின் வீணையையும் எடுத்துத் தட்டிப் பார்ப்பதுண்டு. அவர்களுக்காக. 12, 7, 5 இவற்றில் தொடும் முறை இரண்டிலும் ஒன்றுதான். கிட்டாரில் கணு மெட்டுக் கம்பிக்கு நேர் மேலேயே இருக்கும், மெட்டுகளுக்கு நடுவில் தேடாதீர்கள். ஐந்தாம் பங்கின் ஹார்மோனிக்கை நான்காம் மெட்டிலிருந்து தலைப்பக்கம் சற்றே தள்ளித் தேடுங்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கிட்டாரில் நான்காம் மெட்டை அழுத்தி வரும் காந்தாரமும் ஹார்மோனிக்காக வரும் காந்தாரமும், ஸ்தாயி வித்தியாசத்தை விட்டுவிட்டாலும், ஒன்றல்ல. ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்து மெட்டு அடித்த வாத்தியம் அது. அரை ஸ்வரத்தை நூறு பங்காக்கினால் சுமார் 14 பங்கு ஹார்மோனிக் இறங்கி நிற்கும். ஆகவே காந்தார ஹார்மோனிக்கை வைத்துக் கிட்டாரில் சுருதி சேர்க்க வேண்டாம். வீணையின் மெட்டுகள் காதால் வைக்கப்பட்டவை. நல்ல மேளத்தில் இந்தச் சண்டை வராது.

## நான்காம் படி: ஹம்சத்வனி

இந்த வழிகாட்டியை நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

வீணையின் நான்கு வாசிக்கும் தந்திகளில் இரண்டு ஷட்ஜம், இரண்டு பஞ்சமம். ஷட்ஜத் தந்தியின் முதல் ஆறு ஹார்மோனிக்கில் கிடைப்பவை ஷட்ஜம், பஞ்சமம், அந்தர காந்தாரம். பஞ்சமத் தந்தியில் அதே விகிதங்கள் பஞ்சமத்திலிருந்து தொடங்கும். அங்கே கிடைப்பவை பஞ்சமம், சதுஸ்ருதி ரிஷபம், காகலி நிஷாதம். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஸ ரி க ப நி. மத்தியமம் இல்லை, தைவதம் இல்லை. ஒரு ஸ்வரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஹம்சத்வனி.

ஒரு நாள் மதியம் சும்மா காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது இது தெரிந்தது. எழுந்துபோய் வீணையை எடுத்து வாசித்துப் பார்த்தேன். ‘வாதாபி கணபதிம்’ கேட்காத மார்கழி உண்டா நமக்கு? அந்த ராகத்தின் ஸ்வரங்கள் யாரும் அழுத்தாத தந்தியில் வரிசையாக வந்து நின்றபோது கொஞ்ச நேரம் கையை எடுக்கத் தோன்றவில்லை.

ஹம்சத்வனி இப்படித்தான் பிறந்தது என்று நான் சொல்லவில்லை. மரபு அதை ராமஸ்வாமி தீட்சிதரின் படைப்பாகச் சொல்கிறது. இன்று வடசென்னையாகிவிட்ட மணலியில் குடும்பத்தோடு வாழ்ந்தவர் அவர். அவர் மகன் முத்துஸ்வாமி தீட்சிதர் வீணை வித்வான். இதற்கு மேல் கதை கட்ட எனக்கு உரிமை இல்லை. ஸ்வரங்கள் பொருந்துகின்றன என்பது மட்டும் உங்கள் கையாலேயே சோதித்துப் பார்க்கக்கூடிய உண்மை.

வாசிக்கும் முறை இதோ. எல்லாம் தொடுதல் மட்டுமே.

ஸ – சாரணி, பன்னிரண்டாம் மெட்டு
ரி – பஞ்சமத் தந்தி, ஏழாம் மெட்டு
க – மந்தரத் தந்தி, ஒன்பதாம் மெட்டு
ப – சாரணி, ஏழாம் மெட்டு
நி – பஞ்சமத் தந்தி, ஒன்பதாம் மெட்டு
மேல் ஸ – சாரணி, ஐந்தாம் மெட்டு

கை ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவிலேயே பெரும்பாலும் நிற்பதைக் கவனித்தீர்களா? தொடக்கத்தில் பன்னிரண்டுக்கும் கடைசியில் ஐந்துக்கும் மட்டும்தான் பயணம். மோதிர விரலால் ஒன்பதையும் சுட்டுவிரலால் ஏழையும் பிடிக்கப் பழகினால் ரி, க, ப, நி நான்கும் கையை நகர்த்தாமலே வரும். சுட்டுவிரலில் காய்ப்பு இருந்தாலும் ஏழாம் மெட்டு தாராளமான இடம், பொறுத்துக்கொள்ளும்.

இரண்டு சிக்கல்கள் வரும். ஒன்று, முந்தைய ஸ்வரம் அடங்காமல் அடுத்ததோடு கலந்து ஒலிப்பது. தந்தி மாறி மாறிப் போவதால் இதைத் தவிர்க்க முடியாது. மெதுவான காலத்தில் அது அழகாகவே இருக்கும். ரிஷபமும் ஷட்ஜமும் ஒன்றின்மேல் ஒன்று நிற்கும்போது மட்டும் உறுத்தினால், வலக்கையின் ஓய்ந்த விரலால் சாரணியைத் தொட்டு அடக்கிவிடுங்கள். இன்னொன்று, நிஷாதம் எல்லாவற்றையும் விட மெலிதாக வரும். அதைச் சற்று ஓங்கி மீட்டுங்கள் என்று சொல்லத் தோன்றும், செய்யாதீர்கள். மற்ற ஐந்தையும் அதன் அளவுக்கு இறக்குங்கள்.

தாளத் தந்திகளை நடுநடுவே சுண்டுவிரலால் மீட்டி வந்தால் கீழே ஷட்ஜமும் பஞ்சமமும் விரிப்பு போல இருக்கும், மேலே ஹார்மோனிக் மிதக்கும்.

அளவு தெரிந்து செய்யுங்கள் என்று ஒரு வார்த்தை. இதில் கமகம் கிடையாது. இழுக்க வழியில்லை, அசைக்க வழியில்லை. கமகம் இல்லாமல் ஸ்வரங்களின் வரிசை இருக்கும், ராகத்தின் உயிர் பாதிதான் இருக்கும். எனவே ஹம்சத்வனி ஆலாபனையை இப்படி வாசிக்க முயலாதீர்கள். ஆலாபனையின் முடிவில் மேல் ஷட்ஜத்தில் நிற்கும்போது ஒரு முறை, தானத்தின் இடைவெளியில் ஒரு முறை என்று வைத்தால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். உங்கள் குருவிடம் வாசித்துக் காட்டிக் கேட்டுக்கொண்ட பிறகே மேடையில் செய்யுங்கள்.

ஆறுக்கு மேலும் போகலாமா என்று கேட்பவர்கள் ஏழில் ஒரு பங்கை, 12 செ.மீ. தூரத்தில், இரண்டாம் மூன்றாம் மெட்டுகளுக்கு நடுவே தேடிப் பாருங்கள். கைசிகி நிஷாதம் போல ஒன்று வரும், ஆனால் நம் மெட்டில் உள்ளதை விடத் தெளிவாக இறங்கிய நிஷாதம். மந்தரத்தில் அதை எழுப்பி, சாரணியின் இருபத்திரண்டாம் மெட்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். எனக்கு அந்த ஓசை பிடிக்கும். ராகத்தில் வைக்க இடம் தெரியவில்லை.

## ஐந்தாம் படி: விட்டுப்போன இரண்டு ஸ்வரங்கள்

மத்தியமமும் தைவதமும் திறந்த தந்தியில் தாமாக வராது. அவை வேண்டுமென்றால் இடக்கை மெட்டை அழுத்தித் தந்தியைக் குறுக்க வேண்டும், குறுகிய தந்தியின் பாதியை வலக்கை தொட வேண்டும். கணக்கு எளிது. எந்த மெட்டை அழுத்துகிறீர்களோ அதிலிருந்து பன்னிரண்டு மெட்டு தள்ளித் தொடுங்கள். மத்தியமத்துக்கு ஐந்தை அழுத்திப் பதினேழுக்கு நேரே. தைவதத்துக்கு ஒன்பதை அழுத்தி இருபத்தொன்றுக்கு நேரே.

வலக்கை விரலிலிருந்து பிளெக்ட்ரத்தைக் கழற்றிவிடுங்கள். சுட்டுவிரலை நீட்டி நுனியால் தந்தியைத் தொடுங்கள். கட்டைவிரலைக் குதிரைப் பக்கமாக எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைத்து மீட்டுங்கள். மீட்டியதும் கை முழுவதையும் தூக்கிவிடுங்கள், இடக்கை மட்டும் மெட்டை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கட்டும். முதல் சில நாட்கள் பத்தில் ஒன்றுதான் வரும்.

வர ஆரம்பித்ததும், மீட்டிய பிறகு இடக்கையால் அழுத்திய தந்தியை மெட்டின் மேலேயே மெல்ல இழுத்துப் பாருங்கள். அந்த மணியோசை வளைந்து மேலே ஏறும். திறந்த தந்தியில் கிடைக்காத கமகம் இங்கே கிடைக்கிறது.